கேபிள் சுற்றுவதற்கும் பட்டமா? ஒளிபரப்புத் துறையில் வேலையோடு படிக்கும் பட்டப் பயிலுநர் பயிற்சி

போன வருடம் ஆடி மாதம் அக்காவின் மகன் இங்கிலாந்திலிருந்து மட்டக்களப்பில் கல்லடிக்கு வந்திருந்தான். எனக்குத் தொழில் வீடியோ. கலியாணம், கோவில் திருவிழா, கூத்து என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய்ப் படம் பிடிப்பேன், கேட்டால் யூடியூபில் லைவும் போடுவேன். அன்று ஒரு கலியாண வேலை முடித்து வந்து, விறாந்தையில் இருந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். இருபது வருடமாகச் சுற்றுகிற மாதிரித்தான், உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடையில். மருமகன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்தான்.

“மாமா, அப்படிச் சுத்தாதீங்க. வயர் செத்துப்போகும்.”

அவன் அங்கே ஒரு பெரிய ஒளிபரப்பு நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே பொறியியல் பட்டமும் படிக்கிறான். அந்தப் படிப்பு என்னவென்று அதுவரை எனக்குச் சரியாக விளங்கவில்லை. “வேலையா, படிப்பா?” என்று அக்காவிடம் கேட்டால், “ரெண்டும்தான்” என்பா. ஊரில் அப்படிச் சொன்னால், ஏதோ வேலை கிடைத்து பார்ட் டைமாகப் படிக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவன் காட்டிய முறை இதுதான். முதல் வளையத்தைச் சாதாரணமாக எடுக்க வேண்டும். அடுத்ததை எடுக்கும்போது மணிக்கட்டை உட்பக்கம் திருப்பி, வயர் மறுபக்கமாக விழும்படி வைக்க வேண்டும். பிறகு மறுபடி சாதாரணம், மறுபடி திருப்பல். நாம் முழங்கையில் சுற்றும் ஒவ்வொரு வளையத்துக்கும் வயர் தனக்குள்ளே ஒரு முறை முறுகுகிறது. முப்பது வளையம் என்றால் முப்பது முறுக்கு. மாற்றி மாற்றிச் சுற்றினால் ஒரு வளையத்தின் முறுக்கை அடுத்த வளையம் அவிழ்த்துவிடும். சுற்றி முடித்து நுனியைப் பிடித்து முற்றத்தில் எறிந்து காட்டினான். ஒரு முடிச்சு இல்லாமல் நேராகப் போய் விழுந்தது.

“இதுக்காடா பட்டம் படிக்கிறாய்?” என்றேன். அவன் சிரிக்கவில்லை.

“வேலையில முதல் கிழமை இதுதான் பழக்கினாங்க மாமா. ஏன் எண்டு யூனியில படிப்பிச்சது மூண்டாம் மாசம்.”

அந்தப் பதிலில்தான் இந்தப் பயிற்சியின் முழு விஷயமும் இருக்கிறது. முதலில் அந்த ‘ஏன்’ என்னவென்று சொல்லிவிடுகிறேன். ரி.வி. நிலையத்தில் படம் ஓடும் வயருக்கு நடுவில் செம்புக் கம்பி, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக், அதற்கு மேல் வலை மாதிரி உலோகப் பின்னல் இருக்கும். நடுக் கம்பிக்கும் வலைக்கும் உள்ள இடைவெளி முழு நீளத்துக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அந்த அளவுதான் வயரின் மின்மறுப்பை, அதாவது ஓடும் சமிக்ஞைக்கு வயர் காட்டும் தடையை, தீர்மானிக்கிறது. ஒளிபரப்பில் அது 75 ஓம். சுருக்காத எச்.டி. படம் ஒன்று இந்த வயரில் விநாடிக்கு 1.485 கிகாபிட் வேகத்தில் ஓடுகிறது. அதாவது ஒரு விநாடியில் 148 கோடிக்கு மேல் பூச்சியமும் ஒன்றும். அந்த வேகத்தில் வயர் ஓர் இடத்தில் நசுங்கியோ முறுகியோ இருந்தால், கல்லடிப் பாலத்தின் தூணில் பட்ட வாவித் தண்ணீர் திரும்புகிற மாதிரி, சமிக்ஞையின் ஒரு பகுதி அங்கே பட்டுத் திரும்பி வரும். கொஞ்சம் திரும்பினால் ஒன்றும் தெரியாது. அளவு மீறினால் படம் மின்னி மின்னி, கடைசியில் கறுப்பாகிவிடும்.

எனக்குச் சுற்றத் தெரியும், ஏன் என்று தெரியாது. வகுப்பில் மட்டும் படித்தவனுக்கு மின்மறுப்பின் சூத்திரம் தெரியும், வயரைக் கையில் கொடுத்தால் முழங்கையில்தான் சுற்றுவான். இரண்டையும் ஒரே ஆளிடம், அதுவும் ஒரே காலத்தில் சேர்க்கப் பார்க்கும் ஏற்பாட்டைத்தான் டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் என்கிறார்கள். நமது நாட்டில் அப்ரண்டிஸுக்கு அரச ஏடுகளில் ‘பயிலுநர்’ என்று சொல் இருக்கிறது. அதனால் பட்டப் பயிலுநர் பயிற்சி என்று சொல்லலாம்.

இங்கிலாந்தில் இது 2015இல் தொடங்கியது. பயிலுநர் பயிற்சி அதற்கு முன்பும் இருந்தது. ஆனால் அது தச்சு, குழாய் வேலை, மின் வேலை மாதிரியான கைத்தொழில்களுக்குரியது, பட்டம் வராது என்ற எண்ணம்தான் அங்கேயும் இருந்தது. முழுப் பட்டமும் அதற்குள் வரலாம் என்று கதவைத் திறந்தது இந்த ஏற்பாடு. ஒளிபரப்புத் துறையில் பிபிசி போன்ற நிறுவனங்கள் பர்மிங்ஹாம் சிட்டி பல்கலைக்கழகம் போன்றவற்றோடு சேர்ந்து இப்படி ஆட்களை எடுத்திருக்கின்றன.

விண்ணப்பம் போடுவது பல்கலைக்கழகத்துக்கு அல்ல, நிறுவனத்துக்கு. அவர்கள் நேர்முகம் வைத்து எடுத்தால் அன்றைக்கே நீங்கள் ஊழியர். சம்பளம், லீவு, அடையாள அட்டை எல்லாம் உண்டு. படிப்புச் செலவை மாணவரிடம் வாங்கக் கூடாது என்பது விதி, அதை நிறுவனமும் அரசும் பார்த்துக்கொள்ளும். 2017 ஏப்ரலிலிருந்து, ஆண்டுச் சம்பளச் செலவு 30 இலட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்களிடம், தாண்டிய தொகையில் 0.5 சதவீதம் பயிற்சி வரியாக எடுக்கிறார்கள். அந்தக் காசைப் பயிலுநர்களுக்குச் செலவழித்தால்தான் நிறுவனத்துக்கு லாபம். அதனால்தான் பெரிய நிறுவனங்கள் இதில் அக்கறை காட்டுகின்றன. தர்மம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நேரம் எப்படிப் பங்கிடப்படும் என்றால், தொடக்கத்தில் விதித்த அளவு வேலை நேரத்தில் 20 சதவீதம் படிப்புக்கு, அதாவது ஐந்து வேலை நாளில் ஒரு நாள். சில இடங்களில் கிழமைக்கு ஒரு நாள் வகுப்பு. மருமகனுக்கு அப்படி இல்லை. சில கிழமை தொடர்ந்து பல்கலைக்கழகம், பிறகு சில மாதம் ஒரு பிரிவில் வேலை, மறுபடி வகுப்பு, மறுபடி வேறு பிரிவு. ஒரு முறை ஸ்டூடியோ, ஒரு முறை வெளிக்கள ஒளிபரப்பு வாகனம், ஒரு முறை எல்லாச் சமிக்ஞையும் வந்து சேர்ந்து பிரிந்து போகும் தலைமைக் கட்டுப்பாட்டு அறை. இப்படி மூன்று நான்கு வருடம்.

ஒரு சின்ன விஷயம். ஒளிபரப்பு என்றால் ரி.வி., ஒலிபரப்பு என்றால் வானொலி. ‘ள’வும் ‘ல’வும் மாறினால் துறையே மாறிவிடும். பிரச்சினை என்னவென்றால், இந்தப் பொறியியலாளருக்கு இரண்டும் வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேரவும் வேண்டும். இதை நான் அவமானப்பட்டுக் கற்றுக்கொண்டேன்.

அதே மாதம் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு வடமோடிக் கூத்து. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் பார்க்க வேண்டும் என்று லைவ் கேட்டார்கள். கூத்தாடும் களரிக்குப் பக்கத்தில் வயரில் ஒரு கமரா. சனத்துக்குப் பின்னால் தூரத்தில் இன்னொன்று. அதற்கு வயர் இழுக்க முடியாது என்று வயர்லெஸ் கருவி போட்டேன். சத்தத்தை நேராக சவுண்ட்காரரின் மிக்சரிலிருந்து எடுத்தேன். கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தில் கை வைத்தார், ராசா வரவு தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் கனடாவிலிருந்து ஒரு கொமென்ட்: “சதங்கை முதல் கேட்குது, கால் பிறகுதான் விழுது.”

பார்த்தேன், உண்மைதான். கால் இன்னும் மேலே இருக்கிறது, சதங்கைச் சத்தம் வந்துவிட்டது. தாளக்கட்டு தெரிந்தவருக்கு அது சாப்பாட்டில் கல் கடிபட்ட மாதிரி. சொஃப்ட்வேரில் சத்தத்தைக் கொஞ்சம் பின்தள்ளினேன். கிட்டக் கமரா சரியாகியது. தூரக் கமராவுக்கு மாற்றினால் மறுபடி பிழை. அதற்குச் சரிசெய்தால் இது பிழைக்கிறது. விடிய விடியக் கூத்து, விடிய விடிய நான் இந்தக் கூத்து.

மருமகன் பக்கத்தில்தான் இருந்தான். அடுத்த நாள் விளக்கினான். சத்தம் மிக்சரிலிருந்து கணினிக்கு அநேகமாக உடனே வந்துவிடுகிறது. படம் அப்படி இல்லை. கமரா ஒரு பிரேமை, அதாவது ஒரு தனிப் படத்தை, முழுதாக வாங்கிச் செம்மைப்படுத்தி வெளியே விட வேண்டும். வயர்லெஸ் கருவி அதைச் சுருக்கி அனுப்பி மறுமுனையில் விரிக்க வேண்டும். கணினி அதை வாங்கி மறுபடி அடுக்க வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் தாமதம். விநாடிக்கு 25 பிரேம் என்றால் ஒரு பிரேம் 40 மில்லி விநாடி. ஐந்து பிரேம் பிந்தினால் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு கமராவுக்கும் வேறு வேறு வாசல்கள், வேறு வேறு தாமதங்கள். ஒரே அளவில் சத்தத்தைப் பின்தள்ளி இரண்டையும் சரிசெய்யவே முடியாது.

இதில் எனக்குப் பிடித்தது அடுத்தது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்றில், சத்தம் படத்துக்கு முந்தினால் சுமார் 45 மில்லி விநாடியிலேயே மனிதர் கண்டுபிடிப்பார், பிந்தினால் சுமார் 125 வரைக்கும் கவனிக்க மாட்டார் என்று இருக்கிறதாம். ஏன் முந்துவதற்கு மட்டும் இவ்வளவு கண்டிப்பு? கூத்துக் களரியை நினைத்துப் பாருங்கள். சத்தம் காற்றில் விநாடிக்கு 340 மீட்டர் அளவில்தான் போகும். களரியிலிருந்து 34 மீட்டர் தள்ளிப் பாயில் இருக்கும் ஆச்சிக்கு, கால் விழுந்து பத்தில் ஒரு விநாடி கழித்துத்தான் சதங்கை கேட்கும். அவவுக்கு அது தெரியாது, பிறந்ததிலிருந்து அப்படித்தான் கேட்டு வந்திருக்கிறா. கால் விழ முன்னம் சத்தம் கேட்பது மட்டும் உலகத்தில் நடக்காத விஷயம். அதனால் மூளை உடனே பிடித்துவிடுகிறது.

இதை அவன் வகுப்பில் படித்தான். வேலையில் இதே பிரச்சினையைப் பெரிய அளவில் பார்த்திருக்கிறான். இப்போது புதிதாகக் கட்டும் நிலையங்களில் படமும் சத்தமும் கணினி வலையமைப்பில் தனித்தனிப் பொட்டலங்களாகப் போகின்றன. 2017இல் வந்த எஸ்.ரி. 2110 என்ற தரம் அதற்குரியது. தனித்தனியாகப் போனால் சேரும்போது எப்படிப் பொருத்துவது? கட்டடம் முழுவதற்கும் ஒரே கடிகாரம். ஒவ்வொரு பொட்டலத்திலும் அந்தக் கடிகாரத்தின் நேரம் குறிக்கப்பட்டிருக்கும். மறுமுனையில் ஒரே நேரம் குறித்தவற்றைச் சேர்த்து விடுவார்கள். அந்தக் கடிகாரம் மைக்ரோ விநாடிக் கணக்கில் ஒத்திருக்க வேண்டும். அவனுடைய மேற்பார்வையாளர் அவனிடம் முதலில் கேட்ட கேள்வி, “கடிகாரம் நின்றால் உனக்கு முதலில் எது தெரியும்?” என்பதாம். புத்தகத்தில் அந்தக் கேள்வி இல்லை. பதிலுக்குத் தேவையான கணக்கு மட்டும் இருக்கிறது.

படிப்பில் வேறு என்ன வருகிறது? மின்னணுவியல், கணிதம், சமிக்ஞைகள், வலையமைப்பு, கொஞ்சம் நிரல் எழுதுவது. செய்மதியில் பேசும் நிருபர் ஏன் கேள்வி கேட்டபிறகும் தலையாட்டிக்கொண்டு நிற்கிறார் என்பதும் ஒரு பாடம். செய்மதி பூமத்திய கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஏறி இறங்கவே கால் விநாடி. கேள்வி ஒரு பயணம், பதில் ஒரு பயணம் என்று அரை விநாடி போய்விடும்.

இந்த வேலையின் குணம், ஒழுங்காகச் செய்தால் ஒருவருக்கும் தெரியாது. சண்டைக் காலத்தில் இரவு ஒன்பது மணி தாண்டியதும் ஊர் முழுக்க வானொலிப் பெட்டியை ஜன்னலோரம் வைத்து பிபிசி தமிழோசை கேட்போம். சத்தம் ஏறும், இறங்கும். சிற்றலை மேலே வளிமண்டலத்தின் மின்னூட்ட அடுக்கான அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவதால், வேறு வேறு வழியில் வந்த அலைகள் ஒன்றையொன்று வெட்டுவதுதான் காரணம். அறிவிப்பாளர்களின் பெயர் ஊருக்கே தெரியும். எந்த நேரத்துக்கு எந்த அலைவரிசை எங்களை எட்டும் என்று கணக்குப் போட்ட ஒருவரின் பெயராவது யாருக்காவது தெரியுமா? 1982இல் அரச ரி.வி.யான ரூபவாஹினி வந்தபோது 2,524 மீட்டர் உயரப் பிதுருதலாகலை மலையில் கோபுரம் வைத்ததும் அதே மாதிரிக் கணக்குத்தான். அந்த உயரத்திலிருந்து, இடையில் மலை மறிக்காவிட்டால், ரி.வி. அலை 200 கிலோமீட்டர் வரை எட்டும். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கூரையில் ஏறி அன்ரனாவைத் திருப்பி, “இப்ப வருதா?” என்று கத்துவதுதான்.

சரி, இதில் கஷ்டம் இல்லையா? இருக்கிறது. மருமகன் மெலிந்துதான் வந்தான். சனிக்கிழமை உதைபந்தாட்டத்துக்கு விடியற்காலையில் வாகனம் ஏறினால் நள்ளிரவில் வீடு, திங்கட்கிழமை ஒப்படை கொடுக்க வேண்டும். கூடப் படிக்கிற மற்ற மாணவர்களுக்கு நீண்ட விடுமுறை, இவனுக்கு ஊழியருக்குரிய லீவு மட்டும். இரவு முறையும் வரும். ஒரு நிறுவனத்தின் கருவிகளையே பார்த்துப் பார்த்து அதுதான் உலகம் என்று ஆகிவிடும் ஆபத்தும் உண்டு. சுதந்திரமான மாணவ வாழ்க்கை வேண்டுமென்று நினைக்கிற பிள்ளைக்கு இது ஒத்துவராது. ஆனால் படிப்பு முடியும்போது கையில் பட்டம், மூன்று நான்கு வருட அனுபவம். அங்கே மற்றவர்கள் கட்டணமாக மட்டும் ஆண்டுக்கு 9,000 பவுண்டுக்கு மேல் கடனாளியாகிறார்கள், இவனுக்கு அந்தக் கடன் இல்லை.

இதைச் சொன்னால் ஊரில் அடுத்த கேள்வி, “நம்மட பிள்ளையையும் அனுப்பலாமா?” நேரடியாகச் சொல்கிறேன், இங்கிருந்து விண்ணப்பித்துப் போகிற வழி அல்ல இது. அங்கே வேலை செய்யும் உரிமை வேண்டும். பொதுவாக மூன்று வருடமாவது அங்கே வசித்திருக்கவும் வேண்டும். ‘இங்கிலாந்தில் சம்பளத்தோடு பட்டம்’ என்று எந்த முகவராவது காசு கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள். லண்டனில் அண்ணன் பிள்ளை, அக்கா பிள்ளை உயர்தர வயதில் இருந்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள், அது பிரயோசனம். கணிதமும் பௌதிகவியலும் செய்தால் நல்லது.

இங்கே இருப்பவர்களுக்கு என் அபிப்பிராயம் வேறு. அரச பல்கலைக்கழகத்தில் நமக்குக் கட்டணம் இல்லை, அதனால் இந்த முறையின் காசு லாபம் நமக்குப் பெரிதல்ல. எடுத்துக்கொள்ள வேண்டியது படிப்பும் வேலையும் பின்னிப்போகிற விதம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. பொறியியல் பட்டத்தில் சில மாதத் தொழிற்பயிற்சியும் வரும். ஆனால் சில மாதம் என்பது விருந்தாளி மாதிரி. போய், பார்த்து, கையெழுத்து வாங்கி வருவது. அம்பாறை ஹார்டி உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் பொறியியல் உயர் டிப்ளோமா படிக்கலாம். நைட்டா என்று நாம் சொல்லும் பயிலுநர் அதிகாரசபை, பயிலுநர்களை வேலைத்தளத்தில் விட்டே பழக்குகிறது. என்.வி.கியூ. என்ற தேசியத் தொழிற்தகைமை ஏணியில் ஏழு படி இருக்கிறது, ஏழாவது படி பட்டம். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த தொழிற்கல்வித் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் (யூனிவொடெக்) இரத்மலானையில் இருக்கிறது, அந்த ஏணியில் ஏறி வருகிறவர்களுக்கு என்றே தொடங்கியது. கைவேலையில் தொடங்கினவன் பட்டத்துக்குப் போக முடியாது என்பது பழைய கதை.

எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு. மருமகன் நின்ற நாட்களில் வந்து வந்து கேள்வி கேட்பாள். அவன் போகுமுன் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தான். இரண்டு கமராவுக்கும் முன்னால் நின்று கைதட்டு, பதிவை பிரேம் பிரேமாக நகர்த்திப் பார், கை சேர்வதற்கும் சத்தத்துக்கும் இடையில் எத்தனை பிரேம் என்று எண்ணு. அடுத்த கிழமை கொப்பியோடு வந்தாள். ஒவ்வொரு கமராவுக்கும் பத்துத் தரம் தட்டி, சராசரியும் எடுத்திருந்தாள்.

“மாமா, வயர் உள்ளதுக்கு மூண்டு பிரேம். வயர் இல்லாததுக்கு ஏழு. நூற்றி இருபது மில்லி செக்கன், இருநூற்றி எண்பது மில்லி செக்கன். நாலு பிரேம் வித்தியாசம். வயர்லெஸ்ஸ விட்டுட்டு அதுக்கும் வயரே போட்டா ரெண்டும் ஒண்டாகும்தானே?”

ஆகும். ஆனால் சாதாரண எச்.டி.எம்.ஐ. வயரைப் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. ரி.வி. நிலையத்தில் போடும் அந்த 75 ஓம் வயர், எஸ்.டி.ஐ. வயர், 60 மீட்டர் வாங்கி, கிட்டக் கமராவுக்கும் தூரக் கமராவுக்கும் எச்.டி.எம்.ஐ.யை எஸ்.டி.ஐ. ஆக்கும் ஒரே மாதிரி மாற்றிகள் போட்டு, சத்தத்தை ஒரே அளவில் பின்தள்ளினேன். இந்த வருடச் சடங்குக்கு இரண்டு கமராவிலும் மத்தளமும் கையும் சேர்ந்தே விழுந்தன. கனடாவிலிருந்து கொமென்ட் ஒன்றும் வரவில்லை. விடிந்ததும் 60 மீட்டரையும் சுற்றியது அவள்தான். ஒன்று நேராக, ஒன்று திருப்பி. நான் உதவிக்குக் கை வைக்கப்போனேன், விடவில்லை.